பனிக்காலமும் வளர்ப்பு உயிர்களும்

பழனியைச் சங்க காலத்தார் பொதினி என்று அழைத்தனர். அம்மலைச் சாரலில் ஆட்சி புரிந்தவன் வையாவிக் கோப்பெரும் பேகன். காட்டு மயில் ஒன்று குளிரால் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை அதற்கு அளித்த வள்ளல் அவன். தமிழ் படிக்கும் மாணவர் எவரும் இதனை அறிவர். புறநானூறும் சிறுபாணாற்றுப்படையும் அச்செயலைப் புகழ்கின்றன. துணியை மயில் பயன்படுத்திக்கொள்ளாது என்பது அவனுக்குத் தெரியாததன்று. தெரிந்தே கொடுத்தான் என்பதில்தான் பரணர் அவன் கொடையின் பெருமையைக் காண்கிறார். 1985ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான திண்டுக்கல் மாவட்டத்துக்குள்தான் பழனி இருக்கிறது. ஆகவே பேகன் நம்மவன் என்று நாம் உரிமை கொண்டாடலாம்.

அவனுடைய வள்ளன்மையைக் குறை கூற நான் வரவில்லை. ஆனால் பல்லாண்டுகள் வகுப்பறையில் கேள்வி கேட்டே பழகிய நாக்கு சும்மா இருப்பதில்லை. அந்த மயிலுக்கு உண்மையாகவே குளிர்ந்ததா?

பறவையின் உடல் வெப்பம் நம்முடையதைவிட மிகுதி. நமக்கு 37 டிகிரி செல்சியஸ் என்றால், கோழி இனத்துக்கு ஏறத்தாழ 41 டிகிரி. அவ்வெப்பத்தைக் காப்பது இறகு. குளிர் கண்டவுடன் பறவை தன் இறகுகளைச் சிலிர்த்து நிறுத்துகிறது. இறகுகளுக்கிடையே காற்று சிறைப்படுகிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. நம் வீட்டு இலவம்பஞ்சு மெத்தை சூடாக இருப்பதும் பஞ்சினால் அன்று, பஞ்சுக்குள் அடைபட்ட காற்றினால்தான். ஆக, மயில் பிறக்கும்போதே போர்வையோடு பிறந்தது. அப்படியானால் பேகன் கண்ட நடுக்கம் எது? தோகை விரித்து ஆடும் ஆண் மயில் பெண் மயிலைக் கவர்வதற்காகத் தன் தோகையை அதிரச் செய்கிறது. நொடிக்கு ஏறத்தாழ 25 தடவை அது அதிர்கிறது என்று 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி அளந்து கூறியது. பேகன் பார்த்தது குளிர் நடுக்கமாக இல்லாமல் காதல் நடுக்கமாகவே இருந்திருக்கக்கூடும்! (அதே பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து அவளைத் தனிமையில் வாடவிட்டிருந்தான் என்பதும், கபிலரும் பரணரும் உள்ளிட்ட புலவர்கள் நால்வர் அதற்காக அவனிடம் வாதாடினர் என்பதும் புறநானூற்றிலேயே இருக்கின்றன. இரக்கம் சில வேளை வீட்டு வாசலைத் தாண்டிய பிறகே கண் விழிக்கிறது.)

மாணவர்களே, நம் வீடுகளிலும் ஆண்டுதோறும் இதே கதை நடக்கிறது. மார்கழி பிறந்ததும் நமக்குக் குளிர்கிறது. உடனே வீட்டு நாய்க்கும் குளிரும் என்று முடிவு செய்கிறோம். அடர்ந்த மயிருள்ள சீமை நாய்க்குக் கம்பளிச் சட்டை மாட்டிவிடுகிறோம். அதே தெருவில், ஒட்டிய வயிறும் குட்டை மயிருமாக இருக்கும் நாட்டு நாய் ஈரச் சிமெண்டுத் தரையில் சுருண்டு கிடப்பதைக் கண்டும் காணாமல் போகிறோம். கொட்டிலில் நிற்கும் பசுவுக்காகக் கவலைப்படுகிறோம். அன்று காலையில் பிறந்த ஆட்டுக்குட்டியை மறந்துவிடுகிறோம். குளிரை நம் தோலைக் கொண்டு அளக்காமல், அந்தந்த உயிரின் உடலைக் கொண்டு அளக்கப் பழகினால் ஒவ்வோர் ஆண்டும் எத்தனையோ குட்டிகளும் குஞ்சுகளும் பிழைக்கும்.

முதலில் நம் ஊர்க் குளிர் எத்தகையது என்று பார்ப்போம். திண்டுக்கல் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்கிழக்கே சிறுமலை, மேற்கே பழனி மலைத்தொடர். அத்தொடரின் மேல் 2,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் கொடைக்கானல். அங்கே சில இரவுகளில் புல்மேல் உறைபனி படிவதுண்டு. நம் சமவெளியிலோ மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டி இறங்கும். சில நாட்களில் அதற்கும் சற்றுக் கீழே போகும். வடநாட்டார் கேட்டால் சிரிப்பர். ஆனாலும் சித்திரையில் 40 டிகிரி வெயிலைத் தாங்கப் பழகிய உடலுக்கு இது குளிரே.

நம் முன்னோர் குளிர்காலத்தை ஒன்றாகக் கருதாமல் மூன்றாகப் பிரித்தனர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. இப்பிரிவினை வெறும் இலக்கண அழகு அன்று. கூதிர் என்பது நனைந்த குளிர். வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் பெய்கிறது. வாடைக் காற்று அப்போதுதான் வீசுகிறது. முன்பனி என்பது காய்ந்த குளிர். இரவில் பனி இறங்கினாலும் காலை ஒன்பது மணிக்குள் வெயில் ஏறிவிடும். வெப்பமானியை நோக்கினால் கார்த்திகை இரவைவிடத் தை இரவே குளிர்ச்சி மிக்கது. மேகமற்ற வானத்தின் வழியே நிலத்தின் வெப்பம் வெளியேறிவிடுவதே அதற்குக் காரணம். ஆனால் வளர்ப்பு உயிர்களை அதிகமாக வாட்டுவது கார்த்திகைதான். ஏன்?

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது என்பதைக் கீழ் வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது பானையிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக 500 கலோரிக்கும் மேற்பட்ட வெப்பம் தேவை. மழையில் நனைந்த வெள்ளாடு காற்றில் நிற்கும்போது அதுவும் ஒரு மண்பானையே. அதன் உடல் வெப்பத்தைத் தின்றுதான் மயிரில் உள்ள ஈரம் உலர்கிறது. இன்னொன்றும் உண்டு. மயிருக்கிடையே இருந்த காற்றை வெளியேற்றிவிட்டு நீர் அவ்விடத்தில் புகுந்துகொள்கிறது. நீர், காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். பஞ்சு மெத்தையை நனைத்துவிட்டு அதன்மேல் படுத்தால் என்ன ஆகுமோ அதுவே ஆட்டுக்கும் ஆகிறது. ஆடு மழைத் தூறல் கண்டவுடன் தாழ்வாரத்தைத் தேடி ஓடுவதைக் கோழைத்தனம் என்று எண்ண வேண்டாம். அது பௌதிகம் அறிந்த ஓட்டம்.

நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் கூதிர்காலத்து வீடு ஒன்று வருகிறது. அங்கே வீட்டுப் புறா துணையோடு இரை தேடப் போகாமல், பகலென்றும் இரவென்றும் அறியாமல் இறப்புப் பலகையில் மாறி மாறி இருக்கிறது. கறவைப் பசு கன்றை உதைத்து விலக்குகிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு புலவர் வளர்ப்பு உயிர்களை இவ்வளவு கூர்ந்து நோக்கியிருக்கிறார். அவர் அவற்றுக்குப் போர்வை எதையும் போர்த்தவில்லை. அவை என்ன செய்தன என்பதைப் பார்த்தார். அப்பார்வையே நமக்கும் வேண்டும்.

இனி, எந்த உயிருக்குக் குளிர் அதிகம்? விடையைக் கணிதம் சொல்கிறது. ஒரு சாண் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுரச் சாண். கன அளவு 1. பக்கத்தை இரண்டு சாணாக்கினால் மேற்பரப்பு 24. கன அளவு 8. அதாவது, பெரியதற்கு ஒரு பங்கு உடலுக்கு மூன்று பங்கு மேற்பரப்பு. சிறியதற்கு ஆறு பங்கு. வெப்பம் உண்டாவது உடலுக்குள். வெளியேறுவது மேற்பரப்பின் வழியே. பானைச் சோறு நெடுநேரம் சூடாக இருப்பதும், இலையில் பரப்பிய சோறு நொடியில் ஆறிப்போவதும் இதனால்தான். பசு ஒரு பானைச் சோறு. கோழிக்குஞ்சு இலையில் சிதறிய ஒரு பருக்கை.

பசுவுக்கு மற்றொரு வசதியும் உண்டு. அது தின்ற வைக்கோல் இரைப்பையின் முதல் அறையில் நுண்ணுயிர்களால் புளிக்கிறது; அப்புளிப்பில் வெப்பம் பிறக்கிறது. வயிற்றுக்குள் ஓர் அடுப்பு எரிகிறது என்றே கொள்ளலாம். மாலையில் வயிறு நிறைய வைக்கோல் போட்டுவிட்டால் விடியும்வரை அந்த அடுப்பு அணையாது. ஆகவே வளர்ந்த பசுவுக்கு நம் சமவெளியின் மார்கழி துன்பமில்லாத மாதம். கலப்பினப் பசுக்களுக்கோ அது இன்பமான மாதம் என்றே கூற வேண்டும். அவற்றை வருத்துவது சித்திரை வெயிலே. பசுவுக்குச் சாக்கைப் போர்த்துவதைவிட, அதன் காலடியில் தேங்கும் மூத்திரத்தையும் சாணச் சேற்றையும் வழித்துவிட்டு உலர்ந்த வைக்கோலைப் பரப்புவது மேல்.

கன்றுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் இந்த அடுப்பு இன்னும் மூளவில்லை. பிறந்த குட்டி நனைந்த உடலோடு வெளியே வருகிறது. தாயின் வயிற்றில் 39 டிகிரியில் இருந்தது, ஒரே கணத்தில் 20 டிகிரிக்கு வந்து விழுகிறது. அதன் உடலில் இயற்கை வைத்தனுப்பிய பழுப்பு நிறக் கொழுப்பு சிறிது இருக்கும். அது சில மணி நேரத்துக்கே வெப்பம் தரும். அக்கொழுப்பு தீர்வதற்குள் குட்டியின் வயிற்றுக்குள் சீம்பால் போய்ச் சேர வேண்டும். சீம்பால் உணவு மட்டுமன்று; நோயை எதிர்க்கும் பொருள்கள் அதில்தான் குட்டிக்குக் கிடைக்கின்றன. குட்டியின் குடல் அவற்றை உள்ளே ஏற்கும் திறன் முதல் நாளிலேயே மணிக்கு மணி குறைந்துகொண்டு போகிறது.

இவ்விடத்தில் நம் ஊர்களில் உள்ள ஒரு வழக்கத்தைக் கண்டிக்காமல் மேலே செல்ல முடியாது. நஞ்சுக்கொடி விழும்வரை கன்றைப் பால் குடிக்க விடக் கூடாது என்று சில வீடுகளில் பெரியவர்கள் தடுக்கிறார்கள். நஞ்சுக்கொடி விழப் பல மணி நேரம் ஆகலாம். கார்த்திகை மழையில் பிறந்த கன்றுக்கு அம்மணி நேரங்கள் உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்டவை. கன்று முட்டிக் குடிப்பதே நஞ்சுக்கொடி விரைவில் விழத் துணை செய்யும் என்பதுதான் உண்மை. வேறு சில வீடுகளில் சீம்பாலைக் கறந்து, வெல்லமிட்டுக் காய்ச்சிக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் கன்றுக்கு விடுகிறார்கள். சீம்பாலின் சுவையை நானும் அறிவேன். முதல் பங்கு கன்றுக்கு, பிறகுதான் நமக்கு.

நான் கிராமப் பள்ளியொன்றில் பணியாற்றிய காலத்தில், ஒரு கார்த்திகைக் காலையில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் அரைமணி தாமதமாக வந்தான். சட்டை புடைத்திருந்தது. காரணம் கேட்டபோது சட்டைக்குள்ளிருந்து ஓர் ஆட்டுக்குட்டியின் தலை எட்டிப் பார்த்தது. இரவு மழையில் பட்டியில் பிறந்த இரட்டையில் ஒன்று இறந்துவிட்டதாம். மற்றொன்று சில்லிட்டுக் கிடந்ததாம். வீட்டில் எல்லோரும் களையெடுக்கப் போய்விட்டதால் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்துவிட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவனை நான் அமரச் சொன்னேன். பிற்பகலில் அக்குட்டி தரையில் நின்று கத்தியது. உலர்ந்த துணியால் துடைத்து, உடலோடு உடலாக அணைத்து, சூடு வந்த பிறகு பீய்ச்சிய பாலைச் சிறிது சிறிதாகப் புகட்டியிருந்தான். கால்நடை மருத்துவ நூல்கள் கூறும் முறையும் இதுவேதான். அச்சிறுவன் அந்நூல்களைப் படித்தவன் அல்லன்.

சூடு வந்த பிறகு பால் என்றேனே, அந்த வரிசை முக்கியமானது. நாய்க்குட்டிகளுக்கு அது இன்னும் முக்கியமானது. நம் நாட்டில் தெருநாய்கள் பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டி இணைகூடி, ஏறத்தாழ 63 நாள் கழித்துக் குட்டி ஈனுகின்றன. ஆகவே குளிர் மாதங்களில் சாக்கடை ஓரத்திலும், கட்டி முடியாத வீடுகளிலும், நிறுத்தி வைத்த மாட்டுவண்டியின் அடியிலும் குட்டிகள் முனகுவதைக் கேட்கிறோம். பிறந்த நாய்க்குட்டிக்குக் கண் திறந்திருக்காது, காது கேட்காது, அது மட்டுமா, முதல் வாரத்தில் நடுங்கவும் தெரியாது. நடுக்கம் என்பது தசைகளை அசைத்து வெப்பம் உண்டாக்கும் வழி. அவ்வழி இல்லாத குட்டி, தாயின் மடியையும் உடன்பிறந்த குட்டிகளின் உடலையும் நம்பியே உயிர் வாழ்கிறது. கூட்டத்திலிருந்து ஒன்று உருண்டு விலகிவிட்டால் அதன் உடல் விரைவில் சில்லிட்டுப் போகும்.

அப்படிச் சில்லிட்ட குட்டியை இரக்கமுள்ள மாணவர்கள் வீட்டுக்கு எடுத்து வருகிறார்கள். வந்தவுடன் செய்வது என்ன? கிண்ணத்தில் பாலை ஊற்றி வாயில் புகட்டுவது. உடல் சில்லிட்டிருக்கும்போது குடல் வேலை செய்வதில்லை. பால் உள்ளேயே கெட்டுப்போகிறது, அல்லது மூச்சுக்குழலில் இறங்கிவிடுகிறது. குட்டி பாலாலேயே இறக்கிறது. முதலில் துணியில் சுற்ற வேண்டும். புட்டியில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பி, அப்புட்டியையும் துணியால் சுற்றி அருகில் வைக்க வேண்டும். அடுப்பருகே கொண்டுபோய்த் திடீரென்று சூடேற்றக் கூடாது, தோல் வெந்துவிடும். மெல்ல மெல்லச் சூடு வந்து, குட்டி அசைந்து முனகத் தொடங்கிய பிறகே பால். தாய் நாய் அருகில் இருக்குமானால், சூடேற்றிய குட்டியைத் தாயிடமே சேர்ப்பதற்கு இணையான வைத்தியம் வேறில்லை.

மேற்கு வங்காளத்தில் 364 தெருநாய்க் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2016ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஏழாம் மாதம்வரை உயிரோடு இருந்தவை நூற்றுக்கு 19 மட்டுமே. இறந்தவற்றில் பெரும்பகுதிக்கு மனிதர்களே ஏதோ ஒரு வகையில் காரணமாக இருந்தனர் என்று அவ்வாய்வு கூறியது. ஆகவே பழியனைத்தையும் பனியின் தலையில் போட்டுவிட்டு நாம் தப்பிக்க இயலாது.

வளர்ந்த நாய்களுக்கு வருவோம். குளிர் நாட்டு நாய்களுக்கு மயிர் இரண்டு அடுக்கு. மேலே நீண்ட மயிர், அடியில் பஞ்சு போன்ற மென்மயிர். பகற்பொழுது குறையக் குறைய அந்த மென்மயிர் அடர்ந்து வளர்கிறது. இலண்டனில் கோடைப் பகல் பதினாறு மணி நேரத்துக்கும் மேல். மார்கழிப் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. திண்டுக்கல்லிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேற்றுமை ஏறத்தாழ ஒரு மணி பத்து நிமிடமே. அதோடு நம் கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி, இராசபாளையம் முதலிய இனங்கள் வெயிலுக்கென்றே வளர்ந்தவை. அவற்றின் தோலில் குட்டை மயிர் மட்டுமே படிந்திருக்கும். கொழுப்பும் குறைவு. ஆகவே அயல்நாட்டு இன நாய்க்குச் சட்டை மாட்டுவது வீண். சிப்பிப்பாறைக்கு ஒரு சாக்காவது வேண்டும்.

அந்தச் சாக்கும் மேலே அன்று, கீழே. படுத்திருக்கும் விலங்கு தன் வெப்பத்தில் பெரும்பங்கைத் தரைக்கு இழக்கிறது. சிமெண்டும் கருங்கல்லும் அதை விடாமல் உறிஞ்சும். மேலே போர்த்திய துணியை நாய் புரண்டவுடன் உதறிவிடும். கீழே ஒரு பலகையும் அதன்மேல் கோணிச் சாக்கும் இருந்தால் அது தானே வந்து சுருண்டுகொள்ளும். மூக்கை வாலுக்குள் புதைத்து, நான்கு காலையும் வயிற்றோடு மடக்கிச் சுருளும்போது, காற்றுப் படும் மேற்பரப்பை அது தானே குறைத்துக்கொள்கிறது. அச்சாக்கை நாள்தோறும் வெயிலில் உலர்த்த வேண்டும். ஈரச் சாக்கு வெறுந்தரையைவிடக் கேடானது. நாயைக் குளிப்பாட்டுவதானால் உச்சிவேளையில் குளிப்பாட்டி, உலரும்வரை வெயிலில் விட வேண்டும். மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளத்துக்கு ஓட்டிச் செல்கிறவர்களும் வெயில் ஏறட்டும் என்று காத்திருந்தால் நல்லது.

நடுக்கம் எல்லாம் குளிர் அன்று என்பதையும் மறவாதீர்கள். நாய் அச்சத்தாலும் நடுங்கும். காய்ச்சலாலும் வலியாலும் நடுங்கும். சாக்கும் வெயிலும் கிடைத்த பிறகும் நடுக்கம் நிற்கவில்லையென்றால், அது கால்நடை மருத்துவரிடம் போக வேண்டிய நடுக்கம். நம் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்க வேண்டாம். குறிப்பாக, நாம் காய்ச்சலுக்கு உண்ணும் பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு நஞ்சு. ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடக்கூடும். அதைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு இல்லை.

பூனையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது குறைவு; அது வீட்டிலேயே மிகச் சூடான இடத்தைக் கண்டுபிடிப்பதில் வல்லது. அடுப்பில் பூனை உறங்குகிறது என்றால் அவ்வீட்டில் அரிசி இல்லை என்பது பழைய பொருள். விறகடுப்பு இருந்த வீடுகளில் மார்கழி மாதத்தில் செல்வர் வீட்டுப் பூனையும் சாம்பலில்தான் உறங்கியது. எரிவாயு அடுப்பு வந்தபின் பூனை தெருவுக்கு வந்துவிட்டது. இரவில் ஓடி வந்து நின்ற மோட்டார் வண்டியின் எஞ்சின் வெதுவெதுப்பாக இருப்பதை அது அறிந்துகொண்டது. காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன் முன்மூடியை இரண்டு தட்டுத் தட்டுங்கள். அந்த ஓசையில் உள்ளே உறங்கும் பூனை வெளியே பாய்ந்துவிடும்.

கோழிக்குஞ்சுதான் நம் கவனத்துக்கு மிகவும் உரியது. தாய்க்கோழி அடைகாத்துப் பொரித்த குஞ்சு, தாயின் சிறகுக்கடியில் புகுந்து தப்பிக்கும். இரவில் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில் கவிழ்த்து, பஞ்சாரத்தின் மேல் ஒரு சாக்கைப் போட்டால் போதும். ஆனால் தெருவில் விற்க வரும் சாயம் பூசிய குஞ்சுகளைச் சிறுவர்கள் வாங்கி வருகிறார்களே, அவற்றுக்குத் தாய் இல்லை. முதல் வாரத்தில் குஞ்சைச் சுற்றி 35 டிகிரி வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொள்ளலாம். முன்பெல்லாம் அட்டைப் பெட்டியில் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டுப் பிழைக்க வைத்தார்கள். அந்தப் பல்பு தான் உண்ணும் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளியிட்டது. விளக்குக்கு அது குறை. குஞ்சுக்கு அதுவே தாய். இப்போது வீடுகளில் எரியும் எல்.இ.டி. விளக்கு வெளிச்சத்தைத் தருகிறது, சூட்டைத் தருவதில்லை. அதைப் பெட்டிக்குள் தொங்கவிட்டு, ‘விளக்குப் போட்டும் குஞ்சு செத்துவிட்டதே’ என்று அழும் சிறுவர்களை நான் கண்டிருக்கிறேன். சூடு போதுமா என்று அறிய வெப்பமானிகூட வேண்டியதில்லை. குஞ்சுகள் விளக்கினடியில் நெருக்கியடித்துக் கத்தினால் குளிர். விளக்கைவிட்டு விலகி வாய் பிளந்து நின்றால் வெக்கை. பெட்டி முழுவதும் பரவி மேய்ந்தால் சரியான சூடு. உமி பரப்பிய பெட்டிக்குள் சூடான பல்பு அறுந்து விழாதபடி கம்பியால் கட்ட வேண்டும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். தீ விபத்து கண நேரத்தில் நேர்ந்துவிடும்.

கூண்டுப் பறவைகளைப் பற்றி ஒரு சொல். பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்; அதனால் அதன் குளிரைப் பற்றி நான் பேசப் போவதில்லை. லவ்பேர்ட்ஸ் என்ற பெயரில் நம் வீடுகளில் வளரும் சிறு கிளிகளிற் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டிலிருந்து வந்த இனம். அவற்றுக்கு இரவின் குளிரைவிட ஈரக் காற்றே பகை. கூண்டின் மூன்று பக்கத்தையும் மாலையில் துணியால் மூடி, ஒரு பக்கத்தைத் திறந்துவிட வேண்டும். இரவில் இறகைச் சிலிர்த்து உருண்டையாக இருப்பது இயல்பு. வெயில் ஏறிய பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தால் நோய்.

முழுவதும் மூடிவிடுவதில் வேறோர் இடர் உண்டு. குளிருக்கு அஞ்சிக் கொட்டிலின் சன்னல்களையெல்லாம் சாக்கால் அடைத்துவிட்டு, உள்ளே கொசுவுக்காக வேப்பிலை மூட்டம் போடுகிறோம். மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும் புகையும் சேர்ந்து ஆட்டின் நுரையீரலைப் புண்ணாக்குகின்றன. பிறகு இருமல் வந்ததும் குளிரைக் குறை சொல்கிறோம். காற்று, படுத்திருக்கும் விலங்கின் மேல் நேரே வீசக் கூடாது. ஆனால் கூரையை ஒட்டி வெளியேற வழி வேண்டும். கரி நெருப்புச் சட்டியை மூடிய அறைக்குள் வைப்பதோ இன்னும் கொடிது. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு மணமற்றது, நிறமற்றது, உயிர்க்கொல்லி. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986ஆம் ஆண்டுவரை கூண்டில் கனேரிப் பறவையைக் கொண்டு சென்றது இதற்காகத்தான்; மனிதனுக்கு முன்பே பறவை மயங்கி விழும். நெருப்புச் சட்டி இருக்கும் அறையில் பறவையும் வேண்டாம், நாயும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்.

மாசி பாதி கடந்ததும் நம் சமவெளியில் வெயில் முறுகத் தொடங்கும். எந்த நாளில் சாக்கையும் பஞ்சாரத்து மூடுதுணியையும் எடுத்து வைப்பது என்று பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை. அதுவரை காலையில் வாசல் வெயிலில் போய்க் கால் நீட்டிப் படுத்த நாய், ஒரு நாள் எழுந்து, சோம்பல் முறித்து, வேப்பமர நிழலுக்கு நகர்ந்து படுக்கும். அன்று எடுத்து வைக்கலாம்.